ஆண்டுவிழா நாடகம் பற்றி: கப்பல் தலைவி பெண்தான்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை நம் பள்ளி ஆண்டுவிழா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த முறை கடற்கொள்ளையர் நாடகம் போடுகிறார்கள். கதை, வசனம் எல்லாம் அவர்களே எழுதியது.

காற்றைப் புட்டியில் அடைத்து விற்கிறான் ஒரு வியாபாரி. எந்தக் கப்பலிலும் பாய் விரியவில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பழைய கப்பல் ஒன்றைக் கைப்பற்றி, அந்தப் புட்டிகளைக் கொள்ளையடிக்கக் கிளம்புகிறாள். காற்றே இல்லாமல் எப்படிப் போவாள்? மூடுபனி மேல் போகிறாள். கோடநாடு காட்சிமுனையில் நின்று, மாயாறு பள்ளத்தாக்கை மேகம் மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

‘பொம்பளைப் பிள்ளை கொள்ளைக்காரியா? அந்த வேடத்தைப் பையனுக்குக் கொடுக்கக் கூடாதா?’ என்று சிலர் கேட்டீர்கள். கொடுக்கப்போவதில்லை. நடிகர் தேர்வின்போது மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை எட்டியது அந்த மாணவியின் குரல்தான்.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1720-இல் ஜமைக்காவில் ஆன் போனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் மேல் கடற்கொள்ளை வழக்கு நடந்தது. அவர்களிடம் சிக்கிய ஒரு பெண் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்: ஆண்களைப் போலச் சட்டை, நீளக் கால்சட்டை, தலையில் கட்டிய கைக்குட்டை, கையில் கத்தியும் துப்பாக்கியும். சீனக் கடலில் செங் யி சாவ் என்பவர் கணவர் இறந்த பிறகு பெரிய கொள்ளைப் படையையே நடத்தி, 1810-இல் அரசோடு பேரம் பேசிச் சரணடைந்தார். கொள்ளை கொள்ளைதான், அதையும் வரலாற்று ஆசிரியர் வகுப்பில் பேசிவிட்டார். ஆனால் பெண்ணால் கப்பல் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு இனி என்னிடம் வராதீர்கள்.

அந்தச் சாட்சியையே உடைப் பட்டியலாக வைத்துக்கொண்டோம். அப்பாவின் பழைய சட்டையும் ஒரு கைக்குட்டையும் போதும், கடையில் வாடகைக்கு எடுக்க வேண்டாம். கத்தி அட்டையில் செய்கிறோம். (பையன்கள் எல்லோரும் ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்புத் துணி கேட்கிறார்கள். நம் மேடை வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.)

பாய்மரம் சில்வர் ஓக் கம்பு. தலைவி அதிலிருந்து குதிக்கும் காட்சியைப் பற்றிப் பயந்தவர்கள் சொன்னது நியாயம்தான். நாலடி உயரத்துக்குக் குறைத்துவிட்டோம், கீழே மெத்தை, பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியர்.

ஒத்திகை தினமும் நாலரைக்கு முடியும். காட்டுமாடும் கரடியும் நடமாடுகிற நேரம் அது. அதனால் எஸ்டேட் குறுக்குப் பாதையில் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மாட்டோம். பஸ்ஸில் வராத பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும்.

அப்புறம், பாய் தைக்கப் பழைய வெள்ளை வேட்டி, போர்வை இருந்தால் திங்கட்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். தையல் மிஷினோடு ஒரு சனிக்கிழமை வரக்கூடியவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
கோத்தகிரி