‘கேஸ்னா எல்லாம் கேஸ்தானே மேடம்?’: பழைய கார்பைடு விளக்கு அமைப்பைக் கெடுத்த வேலை குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: பண்ணை வீட்டின் பழைய அசிட்டிலீன் விளக்கு அமைப்பைப் புதுப்பித்ததில் நேர்ந்த ஆபத்தான தவறுகளும் அசல் பாகங்களின் சேதமும் – திருத்தமும் பணமும் கோரி.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். வேலை முடிந்தது என்று உங்கள் ஆட்கள் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் மூன்று வாரம் ஆகிறது. அடுத்த வாரமே, கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு விளக்குக்கான அசிட்டிலீன் வாயுவை உண்டாக்கும் ஜெனரேட்டர் இருக்கிற கொட்டகையைப் பூட்டி, கதவில் ‘யாரும் தொடக் கூடாது’ என்று எழுதி ஒட்டிவிட்டேன். இரண்டு முறை போனில் சொல்லிப் பார்த்தேன். ‘நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்’ என்பதைத் தாண்டி எதுவும் நடக்கவில்லை. அதனால் எழுத்தில் வைக்கிறேன்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சுவர் வரை இருந்த பழைய இரும்புக் குழாயை எடுத்துவிட்டு, அந்த நீளம் முழுக்கச் செம்புக் குழாய் போட்டிருக்கிறீர்கள். அசிட்டிலீன் போகிற வழியில் செம்பு இருக்கவே கூடாது. ஈரமான அசிட்டிலீன் செம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் உள்சுவரில் செம்பு அசிட்டிலைடு என்ற செங்கபில நிறப் படிவு உண்டாகும். அது காய்ந்த பிறகு ஒரு தட்டு, ஓர் உரசல் போதும், வெடிக்கும். பித்தளையில்கூடச் செம்பின் அளவு 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பழைய பாடம். இணைப்புகளை நீங்கள் வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டியிருக்கிறீர்கள். வெள்ளியும் இதே வேலையைச் செய்யும். கார்பைடு ஜெனரேட்டரில் வருவது ஈர வாயு, அதிலும் தண்ணீருக்குள்ளேயே பிறந்து வருவது. இதைவிட மோசமான பொருத்தம் ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இது எனக்கே தெரிந்த விஷயம் இல்லை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா, ‘புது விளக்கைப் பார்க்கலாம்’ என்று ஆசையாக வந்தார். கொட்டகைக்குள் ஓர் அடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ‘இதுல கல்லைப் போட்டியாம்மா?’ என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். அவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம்.

இதுவரை அந்தக் குழாயில் அசிட்டிலீன் போகவில்லை என்பது உண்மை. ஆனால் அது என் அதிர்ஷ்டம், உங்கள் கவனம் இல்லை. நீங்கள் கொடுத்த ஒப்படைப்புத் தாளின் நகலை இணைத்திருக்கிறேன். ‘கார்பைடு, எல்.பி.ஜி. இரண்டிலும் இயக்கலாம்’ என்று அதில் உங்கள் முத்திரையோடு இருக்கிறது. அதை நம்பி ஒரு கிலோ கல்லைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து நான் தூங்காத இரவுகள் உண்டு.

இனி முதலிலிருந்து வருகிறேன். இந்த நிலத்தை வீட்டோடு வாங்கியபோது பின்னால் சரிந்து கிடந்த கொட்டகைக்குள் ஆள் உயர இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது. மேலே அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரு மணிக்கலம், பக்கத்தில் புனல் வைத்த பெட்டி. பழைய பம்புசெட்டின் மிச்சம் என்றுதான் நினைத்தேன். வெள்ளையடிக்கச் சுவரைச் சுரண்டியபோது உள்ளே மெல்லிய இரும்புக் குழாய்கள் ஓடுவது தெரிந்தது. அவற்றின் முனையில் 14 சுவர் விளக்குகள், கூடத்தில் நாலு கை கொண்ட ஒரு தொங்கு விளக்கு. மின்கம்பியின் அடையாளமே இல்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1792-ல் வில்லியம் மர்டாக் நிலக்கரி வாயுவால் தன் வீட்டுக்கு விளக்கேற்றிய பிறகு நகரங்களில் தெருத்தெருவாகக் குழாய் போனது. ஒதுங்கி நிற்கும் பண்ணை வீட்டுக்கு யார் குழாய் இழுப்பார்கள்? 1892-ல் தாமஸ் வில்சன் மின் உலையில் அலுமினியம் எடுக்கும் முயற்சியில் இருந்தபோது, சுண்ணாம்பும் தாரும் உருகி வேறொன்றாய் நின்றது. அதுதான் கால்சியம் கார்பைடு. அந்தக் கல் தண்ணீரில் விழுந்தால் அசிட்டிலீன் பொங்கும், அடியில் நீர்த்த சுண்ணாம்பு தங்கும். ஒரு கிலோ கல்லிலிருந்து ஏறத்தாழ 300 லிட்டர் வாயு கிடைக்கும். வாயு சேரச் சேர மணிக்கலம் மேலே மிதக்கும், கல் விழுவது நிற்கும். விளக்குகள் எரிந்து வாயு குறைந்தால் மணிக்கலம் இறங்கும், புனலின் அடைப்பு திறந்து மறுபடி கொஞ்சம் கல் விழும். மின்சாரமும் வேண்டாம், காவலுக்கு ஆளும் வேண்டாம். வீட்டின் கொல்லையிலேயே ஒரு குட்டி கேஸ் கம்பெனி. எனக்கு அதன் மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பித்தோடுதான் உங்களிடம் வந்தேன். ‘அசல் பாகங்களை இயன்றவரை அப்படியே வைத்துப் புதுப்பிக்க வேண்டும், எந்தப் பாகத்தையும் என் ஒப்புதல் இல்லாமல் மாற்றவோ அகற்றவோ கூடாது’ என்று ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. ‘இந்த மாதிரி நிறைய பண்ணியிருக்கோம்’ என்றார் அளவெடுக்க வந்த உங்கள் பொறியாளர். முன்பணமாகப் பாதித் தொகை கொடுத்தேன்.

வேலை தொடங்கிய இரண்டாம் நாளே எனக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. சுவர் விளக்கு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் ஆள், ‘இதுல மேண்டில் எங்க மாட்டுறது?’ என்று கேட்டார். இதில் மேண்டிலே கிடையாது. மேண்டில் என்பது 1885-ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் கொண்டுவந்தது. மங்கலாக எரியும் வாயுவின் சூட்டில் ஒரு வலையைப் பழுக்க வைத்து வெளிச்சம் வாங்கும் உபாயம் அது. அசிட்டிலீனுக்கு அந்த உதவி தேவையில்லை. மாக்கல்லில் குடைந்த முனையில் எதிரெதிரே இரண்டு நுண்துளைகள். இரண்டு தாரைகளும் நடுவில் மோதி, விசிறி மாதிரி தட்டையாக விரிந்து, தானே வெள்ளை வெளேரென்று எரியும். இதை நான் விளக்கியபோது அவர் தலையாட்டினார். தெரிந்தவர் தலையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டது என் தவறு.

அந்த மாக்கல் முனைகள் என்ன ஆயின என்பதுதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம். சோதனைக்கு நீங்கள் கொண்டுவந்தது எல்.பி.ஜி. சிலிண்டர். பற்றவைத்ததும் சுடர் முனையில் நிற்காமல் மேலே தாவி அணைந்தது. அணையத்தான் செய்யும். அசிட்டிலீனின் சுடர் பரவும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட எல்.பி.ஜி.க்குக் கிடையாது. அசிட்டிலீனுக்கென்று குடைந்த மயிரிழைத் துளையில் அது பிடித்து நிற்காது. போதாக்குறைக்கு, இந்த அமைப்பு ஓடுவது வெறும் ஏழெட்டு சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தத்தில். எல்.பி.ஜி. அடுப்புக்கு ரெகுலேட்டர் தருவது அதைப் போல நாலு மடங்கு. இதற்கு உங்கள் ஆட்கள் கண்ட வழி, துளைகளை டிரில் போட்டுப் பெரிசாக்குவது. நான் வெளியே போயிருந்த ஒரு மதியத்தில் 18 முனைகளையும் துளைத்துத் தள்ளிவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டபோது மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இந்தக் கடிதத்தின் தலைப்பு.

அத்தனையும் செய்து கிடைத்த விளக்கின் லட்சணத்தையும் சொல்கிறேன். துளை பெரிதானதும் சுடர் நின்றது, ஆனால் மஞ்சளாக, சோம்பலாக, புகையைக் கக்கிக்கொண்டு. பத்து நிமிடத்தில் கூடத்தின் கூரையில் கரிவட்டம். போதாதென்று சுடர் விட்டுவிட்டுக் குதிக்கிறது. நீங்கள் போட்ட செம்புக் குழாய் நடுவில் தொய்ந்திருப்பதால், உள்ளே தேங்கிய தண்ணீர் வாயுவை விட்டுவிட்டு விடுகிறது. பழைய குழாயைப் போட்டவர் அதை ஜெனரேட்டர் பக்கமாகச் சரித்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு திருகும் வைத்திருந்தார். அந்தத் திருகை நான் குப்பையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

குப்பை என்றதும் நினைவுக்கு வருகிறது. கல் விழுவதைக் கட்டுப்படுத்தும் எடையும் சங்கிலியும் பல்சக்கரமும் எங்கே? ‘துருப்பிடிச்ச பழைய இரும்பு, காயலாங்கடைக்குப் போயிடுச்சு’ என்கிறார்கள். மணிக்கலத்தின் அசைவைப் புனலுக்குக் கொண்டுபோகும் பாகமே அதுதான். அது இல்லாமல் இந்த ஜெனரேட்டர் வெறும் தண்ணீர்த் தொட்டி. அதாவது ‘இரண்டிலும் இயக்கலாம்’ என்று நீங்கள் முத்திரை குத்திக் கொடுத்த இயந்திரம் எதிலும் இயங்காது. அதையும் மீறி யாராவது கையால் கல்லை அள்ளிப் போட்டால் செம்புக் குழாய் காத்திருக்கிறது.

தொட்டியைச் சுத்தம் செய்த விதம் தனிக் கதை. புனலின் அடியில் கல் போல இறுகிக் கிடந்ததை நனைத்துவிட்டு, வெட்டியெடுக்க கிரைண்டரைக் கையில் எடுத்தார் உங்கள் ஆள். அந்த நேரம் பூண்டு வாடை அடித்தது. ‘சமையல் ஆரம்பிச்சுட்டாங்களா மேடம்?’ என்று கேட்டார். அது சமையல் வாடை இல்லை. வெளிப்பக்கம் சுண்ணாம்பாகி இறுகியிருந்தாலும் உள்ளே கார்பைடு உயிரோடுதான் இருந்திருக்கிறது. அந்தக் கல்லில் உள்ள கலப்படத்தால்தான் வாயுவுக்கு அந்த வாடை. எல்.பி.ஜி. காற்றில் சுமார் 2-லிருந்து 10 விழுக்காடு வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். அசிட்டிலீனோ 2.5-லிருந்து 80 விழுக்காடு வரை, எந்த அளவில் இருந்தாலும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். நான் ஓடிப்போய் கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். உங்கள் ஆளுக்கு என் மேல் கோபம். அவரை நான் குறை சொல்லவில்லை. என்ன வேலைக்குப் போகிறோம் என்று சொல்லாமல் அவரை அனுப்பிய உங்களைத்தான் சொல்கிறேன். அன்று போக இருந்தது அவருடைய உயிரும்தான்.

விளக்குகளின் பித்தளையை பஃபிங் போட்டுத் தங்கம் மாதிரி ஆக்கிவிட்டீர்கள். அசலில் இருந்தது கருமை ஓடிய மெருகு. அது இனி வராது, விடுங்கள். விளக்குகளைக் கழற்றாமலே கம்ப்ரசர் காற்றை ஏற்றிச் சோதித்ததில் ஐந்து திருகுகள் கசிகின்றன. அவற்றின் பட்டியல் இணைப்பில்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ‘இதை அசிட்டிலீனில் ஓட்டுவது எங்களால் ஆகாது’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. ஜெனரேட்டரைக் காட்சிக்கு மட்டும் வைத்துவிட்டு, அசல் முனைகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, எல்.பி.ஜி.க்கென்றே செய்த வேறு முனைகளைப் பொருத்தலாம் என்று சொல்லியிருந்தால் சரி என்றிருப்பேன். விளக்குக்குள் மின்பல்பு வைக்கலாம் என்றிருந்தால்கூட முகம் சுளித்துக்கொண்டு சம்மதித்திருப்பேன். அந்த மூன்றில் எதற்கும் பழைய பொருள் எதையும் உடைக்க வேண்டியிருக்காது. தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக டிரில்லை எடுத்திருக்கிறீர்கள்.

எனவே நான் கேட்பது இது. செம்புக் குழாய் முழுவதையும் உங்கள் செலவில் அகற்றி, தகுந்த சரிவோடும் நீர் வடியும் திருகோடும் இரும்புக் குழாய் போட்டுத் தர வேண்டும். அசிட்டிலீன் வேலையில் அனுபவமுள்ள, உங்கள் நிறுவனத்தைச் சேராத ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒப்படைப்புத் தாளில் உள்ள அந்த வரி தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு ரத்து செய்ய வேண்டும். நாளை இந்த வீடு வேறொருவர் கைக்குப் போனால் அந்தத் தாளை நம்பி அவர் கல்லைப் போட்டுவிடக் கூடாது. காயலாங்கடைக்குப் போன பாகங்களைத் தேடிக் கொண்டுவர முயல வேண்டும். கிடைக்காவிட்டால் அவற்றுக்கும், துளைத்த 18 முனைகளுக்கும் ஈடாக, இதே வகைப் பழைய பாகங்களோ மாதிரி பார்த்துச் செய்தவையோ வாங்கும் செலவை ஏற்க வேண்டும். கூலியாக வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும். மீதித் தொகையை நான் கொடுக்கப்போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லையென்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ஒப்பந்தம், ஒப்படைப்புத் தாள், படங்கள் எல்லாம் என்னிடம் தேதி வாரியாக இருக்கின்றன. துளைத்த முனைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றை ‘ஆய்வுக்கு’ என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டாம்; பார்க்க வேண்டுமானால் இங்கே வந்து பார்க்கலாம்.

வருகிறவர் முன்கூட்டியே போன் செய்துவிட்டு வரட்டும். கொட்டகைச் சாவி இப்போது பெரியப்பாவிடம் இருக்கிறது. அவர் சில கேள்விகள் கேட்ட பிறகுதான் கதவைத் திறப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்த நகல், ஒப்படைப்புத் தாளின் நகல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், கசியும் திருகுகளின் பட்டியல்.