24 நாற்காலிகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மகள்தான் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். உனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள் என்ற வரி வந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். தாயும் சேயும் நலம் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத்தில் சொல்ல முடியவில்லை. இப்போது பார்வை நன்றாக இருக்கிறது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நல்ல செய்திக்குக் கீழேயே நீ கேட்டிருந்த கேள்வி கண் கட்டியிருந்த நாட்களில் என்னை விடவே இல்லை. "எல்லா நாட்டையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சம உரிமை கொடுத்துவிட்டால், உலகப் பொருளாதாரத்தில் ஒரு முடிவையாவது நேரத்துக்கு எடுக்க முடியுமா?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் நீ. 2008-ல் பணச்சந்தை உறைந்துபோன நாட்களை உள்ளேயிருந்து பார்த்தவன். வேகம் உனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிகிறது. நானோ கல்லூரி நாட்களில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்று தொண்டை வறளக் கத்தியவன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்காக உன் பக்கம் முழுதாக வந்துவிட்டேன் என்றும் எண்ணாதே.

முதலில் உன் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். சிலர் கையில் அதிகாரம் இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும் என்கிறாய். நெருக்கடியில் மாட்டிய நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் சர்வதேச நாணய நிதியத்தில் 2010 டிசம்பரில் ஒரு சீர்திருத்தம் முடிவானது. வாக்கு வலிமையைத் தீர்மானிக்கும் பங்கில் ஆறு சதவீதத்துக்கு மேல் வளரும் நாடுகள் பக்கம் நகர்த்துவதுதான் அது. பெரும்பாலான நாடுகள் ஒப்புதல் கொடுத்துவிட்டன. ஆனால் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு மொத்த வாக்கில் 85 சதவீதம் வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5 சதவீதம் இருக்கிறது. அதன் நாடாளுமன்றம் 2015 டிசம்பரில்தான் தலையசைத்தது. சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். ஐந்து வருடம்! இதைத் தாமதப்படுத்தியது கூட்டமா, ஒற்றை நாடா, நீயே சொல்.

அந்த ஐந்து வருடத்தில் காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாப்பிரிக்கா சேர்ந்த பிரிக்ஸ் நாடுகள் 2014-ல் தங்களுக்கென ஒரு வங்கியைத் தொடங்க ஒப்பந்தம் போட்டன. சீனா முன்னின்று ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியைக் கொண்டுவந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் பிரான்ஸும்கூட அதில் நிறுவன உறுப்பினர்களாகச் சேர்ந்துகொண்டன. வீட்டில் இடம் கிடைக்காதவன் பக்கத்தில் வீடு கட்டத்தான் செய்வான். அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் கடன் கொடுப்பவர்கள் பல திசையில் பிரிந்து நிற்கும்போது, ஒரு நாடு முறிந்து விழுந்தால் அதைத் தூக்கிவிட எல்லாரையும் ஒரே அறைக்குக் கொண்டுவருவதே பெரும்பாடாகிவிடுகிறது.

அதை நான் ஒரு வகுப்பறையில் பார்த்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், 2019. கரும்பலகைக்கு முன்னால் 24 நாற்காலிகளை வட்டமாகப் போட்டேன். அன்றைக்கு நிதியத்தின் இயக்குநர் குழுவில் அத்தனை இடம்தான். மாணவர்களுக்கு நாடுகளின் பெயர் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தேன். அமெரிக்கா, ஜப்பான், சீனா, ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன், சவுதி அரேபியா சீட்டு வந்தவர்கள் ஆளுக்கொரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து, கூட்டத்துக்கு ஒருவர் உட்கார, மீதிப்பேர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இரண்டே நாற்காலி. ஸாம்பியா சீட்டு ஒரு பெண்ணுக்கு வந்திருந்தது. அன்றைய விவாதமே அவள் நாட்டின் கடன் பற்றித்தான். பேச்சு வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரம் போயிருக்கும். நாற்காலியில் இருந்தவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார், பேசுவதெல்லாம் என்னைப் பற்றி. நான் எப்போது பேசலாம்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் நவம்பரில் ஸாம்பியா நிஜமாகவே தவணை தவறியது. 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியவில்லை. பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி20 அதே மாதம் உருவாக்கிய பொதுக் கடன் சீரமைப்பு ஏற்பாட்டில் 2021 தொடக்கத்தில் விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகள் உடன்பட்டது 2023 ஜூனில். கடன் பத்திரம் வைத்திருந்தவர்களோடு முடிந்தது 2024-ல். முதல் உடன்பாடு வந்த வாரம் அந்தப் பெண் எனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினாள்: "சார், என் நாட்டுக்குப் பதில் வந்துவிட்டது." நான்கு வருடமாக அவள் அந்தச் சீட்டை மனத்திலிருந்து கீழே வைக்கவில்லை.

2024 நவம்பரில் அந்த வட்டத்தில் 25-வது நாற்காலி போட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு மூன்றாவது இடம். நல்லதுதான், வரவேற்கிறேன். ஆனால் நாற்காலி கூடியதால் வாக்கு கூடவில்லை. வாக்கு என்பது ஒதுக்கீட்டை, அதாவது ஒவ்வொரு நாடும் நிதியத்தில் போட வேண்டிய பங்குத் தொகையை, வைத்து வருவது. அந்த ஒதுக்கீட்டின் பிறப்பே விசித்திரமானது. 1944 ஜூலையில் இந்த நிதியத்தை உருவாக்க அமெரிக்காவின் பிரெட்டன்வுட்ஸில் 44 நாடுகள் கூடின. அதற்கு முந்தைய வருடமே அமெரிக்கக் கருவூலத்தின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட், ரேமண்ட் மைக்செல் என்ற இளம் பொருளாதார அறிஞரைக் கூப்பிட்டு ஒரு சூத்திரம் போடச் சொன்னார். விடை முன்னாலேயே முடிவாகியிருந்தது: அமெரிக்கா முதலில், அப்புறம் பிரிட்டன், சோவியத் ஒன்றியம், சீனா. தேசிய வருமானம், தங்கம்-டாலர் கையிருப்பு, ஏற்றுமதி, இறக்குமதி என்று எண்களைத் திரும்பத் திரும்ப மாற்றிப் போட்டு அந்த வரிசை வரும்வரை மைக்செல் கணக்கிட்டார். பிற்காலத்தில் அவரே இதை எழுதிவைத்தார். மாநாட்டில் இந்தியக் குழுவில் இருந்த சி.டி. தேஷ்முக்கும் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இந்தியாவுக்குச் சீனாவைவிடக் குறைவாகக் கொடுத்ததை ஏற்காமல் வாதாடினார்கள். இந்தியாவுக்கு 40 கோடி டாலர், சீனாவுக்கு 55 கோடி. சோவியத் ஒன்றியம் கடைசியில் சேராததால்தான் முதல் ஐந்து இடத்துக்குள் இந்தியா வந்தது.

இதையெல்லாம் ஏன் நீட்டுகிறேன் என்றால், இன்றைய ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டால் "அது கணக்கு, அரசியல் இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். 2008-லிருந்து உள்ள சூத்திரத்தில் உள்நாட்டு உற்பத்திக்குப் பாதி எடை, வெளி வர்த்தகத் திறப்புக்கு 30 சதவீதம், வெளிநாட்டு வரவின் ஏற்ற இறக்கத்துக்கு 15, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்கு 5. மக்கள்தொகைக்கு ஒன்றுமில்லை. சின்ன ஐரோப்பிய நாடுகள் ஒன்றுக்கொன்று விற்பதும் வாங்குவதும் திறப்பில் சேர்ந்துவிடுகிறது. எதைக் கணக்கில் சேர்ப்பது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவெடுத்திருக்கிறார். அதை மாற்றவும் முடியும்.

வேகமாக நடந்த ஒன்றைச் சொல்லவில்லையே என்பாய். சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் பெருந்தொற்றுக் காலத்தில் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்பு உரிமைகளை, அதாவது வேண்டும்போது டாலர் போன்ற பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய கையிருப்பை, நிதியம் எல்லா நாடுகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஆளுநர்கள் ஒப்புக்கொண்ட மூன்றே வாரத்தில் பணம் கணக்கில் ஏறியது. அருமையான வேகம். ஆனால் அதுவும் ஒதுக்கீட்டின்படிதான் பிரிந்தது. ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி. தேவையே இல்லாத நாடுகளின் கணக்கில்தான் பெரும்பகுதி போய் உட்கார்ந்தது. இதைத் திறமையான நடவடிக்கை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் வேகமாகப் பாய்ந்தது, வறண்ட வயலுக்குப் போகவில்லை.

சரி, என் பழைய வாதத்துக்கு வருகிறேன். உலக வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர்கள். எல்லாரும் சமம், எல்லாம் ஒருமித்த கருத்தில் நடக்க வேண்டும். நான் கேட்டது போலத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? 2001-ல் தோஹாவில் தொடங்கிய பேச்சு முழுமையாக முடியவே இல்லை. ஏழு பேர் இருக்க வேண்டிய மேல்முறையீட்டு அமைப்புக்கு அமெரிக்கா நியமனங்களைத் தடுத்தது. 2019 டிசம்பரில் வழக்கு கேட்க ஆள் போதாமல் அது நின்றுபோனது. இன்றைக்குத் தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அப்படியே தொங்கும். சம உரிமை ஏட்டில் இருக்க, உண்மையான பேரம் "பச்சை அறை" என்று பெயர் வாங்கிய சின்னக் கூட்டங்களில் நடந்ததாக ஏழை நாடுகள் பல வருடம் முறையிட்டிருக்கின்றன. எல்லாருக்கும் தடுக்கும் உரிமை இருக்கும் இடத்தில், தடுத்துவிட்டுத் தாங்கக்கூடியவனுக்குத்தான் அது பயன்படுகிறது. ஸாம்பியா தடுத்தால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும், யோசித்துப் பார். இதைப் பார்த்துத்தான் என் பழைய கட்சியை விட்டேன்.

அப்புறம் எங்கே நிற்கிறேன்? இரட்டைப் பெரும்பான்மையில். இது நான் கண்டுபிடித்ததல்ல. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தில் வாக்கெடுப்பு என்று வந்தால் பங்கேற்கும் நாடுகளில் 60 சதவீதமும் வேண்டும், பணம் கொடுத்ததில் 60 சதவீதத்துக்கு உரியவர்களும் வேண்டும். ஓசோன் படலத்தைக் காப்பாற்றிய மாண்ட்ரியல் உடன்படிக்கையின் நிதியில் வளர்ந்த நாடுகள் ஏழு, வளரும் நாடுகள் ஏழு. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தாலும் இரு பக்கத்திலும் தனித்தனியே பெரும்பான்மை இருக்க வேண்டும். பணம் கொடுப்பவனுக்கு அவன் பணம் வீணாகாது என்ற நம்பிக்கை இருந்தது, வாங்குபவனுக்குத் தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை இருந்தது. 14 பேர் கொண்ட சின்னக் குழு என்பதால் உன் வேகமும் கெடவில்லை. நாணய நிதியத்தின் சொந்த விதிகளிலேயே இந்த விதை இருக்கிறது. சாசனத்தைத் திருத்த 85 சதவீத வாக்கோடு உறுப்பினர் நாடுகளில் ஐந்தில் மூன்று பங்கும் வேண்டும். அந்த இரண்டாவது எண்ணிக்கையைப் பெரிய கடன் முடிவுகளுக்கும் ஒதுக்கீட்டுக்கும் கொண்டுவந்து, 85-ஐ 80 ஆக்கினால் தனி ஒரு நாட்டின் கையில் பூட்டு இருக்காது.

அந்த மாற்றத்துக்கே அமெரிக்காவின் சம்மதம் வேண்டுமே என்று நீ கேட்பாய். வேண்டும்தான். அதனால் சாசனத்தைத் தொடாமலே செய்யக்கூடியதில் தொடங்கலாம் என்கிறேன். நிதியத்தின் நிர்வாக இயக்குநர் ஐரோப்பியராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் 1946-ல் வந்த பெல்ஜியத்தின் கமீல் கட் முதல் இன்றைய பல்கேரியாவின் கிறிஸ்டலினா ஜார்ஜீவா வரை எல்லாரும் ஐரோப்பியர்கள். 2019-ல் அவரைக் கொண்டுவர வயது வரம்பு குறுக்கே நின்றது. அந்த விதியையே சில வாரத்தில் நீக்கினார்கள். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. மனம் வைத்தால் அங்கே எவ்வளவு சீக்கிரம் விதி மாறும் என்பதைத்தான் பார்க்கிறேன். அவருடைய இரண்டாவது பதவிக்காலம் 2029-ல் முடிகிறது. அடுத்தவரை எந்த நாட்டிலிருந்தும் திறந்த போட்டியில் எடுக்கட்டும். அதற்கு யாருடைய நாடாளுமன்றத்தையும் கேட்க வேண்டாம்.

ஒரு இடத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை, அதற்கு உன் உதவி வேண்டும். ஒதுக்கீட்டுச் சூத்திரத்தில் மக்கள்தொகையைச் சேர்த்தால் இந்தியா, நைஜீரியா போன்றவை மேலே வரும். ஆனால் மாலத்தீவு, டோங்கா போன்ற குட்டி நாடுகள் இன்னும் நசுங்கும். எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கும் அடிப்படை வாக்குகள் தொடக்கத்தில் மொத்தத்தில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தன. சுமார் இரண்டாகச் சுருங்கி, 2008 சீர்திருத்தத்தால் ஐந்தரைக்கு வந்திருக்கின்றன. அதைப் பழைய அளவுக்கு உயர்த்தினால் இரண்டும் சரிக்கட்டுமா? வங்கியில் பங்குதாரர் வாக்குகளோடு மல்லுக்கட்டியவன் நீ, ஒரு தாளில் போட்டுப் பார்த்து எழுது.

பேத்தியின் படம் ஒன்று அனுப்பு. பெயர் வைத்துவிட்டீர்களா?

என்றும் உன்,
பழைய வாதாட்டத் தோழன்