‘ஃபெட்ரா’ படத்தின் தமிழ் சப்டைட்டில் பழுதுகள் குறித்த புகார்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: வாடகைக்குத் தரப்படும் ‘ஃபெட்ரா’ (1962) படத்தின் சப்டைட்டில், கதைக்குறிப்பு, பட அளவு ஆகியவற்றைத் திருத்தவும் வாடகையைத் திருப்பித் தரவும் கோருதல்

ஐயா / அம்மையீர்,

கிரேக்கத் துன்பியல் நாடகங்களைத் தழுவிய படங்களைத் தொகுத்து, அவற்றோடு ஜூல்ஸ் டாசின் இயக்கிய ‘ஃபெட்ரா’வையும் தமிழ் சப்டைட்டிலுடன் வாடகைக்குத் தருகிறீர்கள். இப்படிப்பட்ட படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் கிடைப்பது அரிது. அதனாலேயே எங்கள் திரைப்படக் குழுவினர் பலர் பணம் கட்டினோம். நீங்கள் தந்திருக்கும் பதிப்பு பார்க்கத் தகுந்ததாக இல்லை.

முதலில் நேரப் பிசகு. தொடக்கத்தில் பொருந்தி வரும் சப்டைட்டில் போகப்போகப் பேச்சை முந்துகிறது. அரை மணியில் 1 நிமிடம் 14 நொடி, ஒரு மணியில் 2 நிமிடம் 27 நொடி. ஒரே விகிதத்தில் கூடுவதால் காரணம் தெளிவு. நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும் ஐரோப்பிய டிவிடிக்குத் தயாரித்த சப்டைட்டில் கோப்பை, 23.976 ஃபிரேம் ஓடும் வீடியோவில் அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். உங்கள் உதவி மையம் செய்ததுபோல் எல்லா வரிகளையும் சில நொடிகள் பின்தள்ளினால் இது தீராது. நடுப்பகுதி பொருந்தினால் தொடக்கம் கெடும். ஒவ்வொரு வரியின் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் 1.0427-ஆல் (25 ÷ 23.976) பெருக்க வேண்டும். சப்டைட்டில் மென்பொருள்களில் ஃபிரேம் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. சில நிமிட வேலைதான். மாற்றியபின் முதல் வசனம், நடுவில் ஒன்று, கடைசி வசனம் என மூன்றை ஒலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பிசகால் படத்தின் உச்சமே வீணாகிறது. இறுதியில் நாயகன் அலெக்ஸிஸ் தனியாகக் காரை விரட்டிக்கொண்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் இசையோடு போட்டியிட்டுக் கத்துகிறான். அலெக்ஸிஸாக நடித்த அந்தோணி பெர்க்கின்ஸ் ஒற்றை ஆளாகச் சுமக்கும் காட்சி அது. அதற்குள் சப்டைட்டில் நாலரை நிமிடம் முந்திவிடுவதால், அவனுடைய சொற்கள் வேறு காட்சியின் மேல் வந்து போய்விடுகின்றன. அவன் வாய் திறக்கும்போது அவை திரையில் இல்லை.

அடுத்தது உறவுச்சொல். இதுவே எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது. கதைக்குறிப்பில் ‘தாய்–மகன் காதல்’ என்று போட்டிருக்கிறீர்கள். வசனங்களிலும் ஃபெட்ராவை ‘அம்மா’ ஆக்கியிருக்கிறீர்கள். தாயும் மகனும் அறியாமல் மணப்பது சோபாக்கிளிஸின் ஈடிபஸ் கதை. இது கி.மு. 428-இல் மேடையேறிய யூரிப்பிடீஸின் ‘ஹிப்போலிட்டஸ்’ வழி வந்த கதை. கப்பல் முதலாளி தானோஸின் முதல் மனைவிக்குப் பிறந்தவன் அலெக்ஸிஸ். ஃபெட்ரா இரண்டாம் மனைவி. அவர்களுக்குள் ரத்த உறவு கிடையாது. தடையாக நிற்பது திருமணம் உண்டாக்கிய உறவு. அறியாமல் நேர்ந்ததல்ல, இருவரும் அறிந்தே செய்வது. ‘அம்மா’ என்ற ஒரு சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. மாற்றாந்தாய், சிற்றன்னை, சித்தி என்று நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. மாற்றாந்தாய் சித்ராங்கியும் அவள் ஆசைப்பட்ட சாரங்கதரனும் தமிழ் மேடையில் நெடுநாள் உலவியவர்கள். 1958-இல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்துத் திரையிலும் வந்தார்கள். கதை நமக்குப் புதிதில்லை, சொல்லும் புதிதில்லை.

‘நீ’, ‘நீங்கள்’ என்பதிலும் கவனம் வேண்டும். ஆங்கிலம் காட்டாத இந்த வேறுபாட்டைத் தமிழ் காட்ட முடியும். இருவரும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில், ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்களுக்கு நடுவே சந்திக்கும்போது அவன் ‘நீங்கள்’ என்றுதான் பேச வேண்டும். (ஃபெட்ராவாக நடித்த மெலினா மெர்க்கூரி பின்னாளில் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சராகி, அதே சிற்பங்களைத் திருப்பிக் கேட்டுப் போராடினார்.) பாரிசில் இருவரும் காதலர்களான பிறகு ‘நீ’ வரலாம். கிரேக்கத்துக்கு வந்து அவன் அவளை ஒதுக்கும்போது மீண்டும் ‘நீங்கள்’ ஆகலாம். உங்கள் சப்டைட்டிலில் முதல் சந்திப்பிலிருந்தே ‘நீ’ என்று வருகிறது.

கதைக்குறிப்பு இன்னொரு தவறும் செய்கிறது. ‘பொய்ப்பழி எழுதிய கடிதத்தால் மகனைத் தண்டிக்கிறான்’ என்கிறது. அது நாடகத்தில்தான். அங்கே ஃபெட்ரா எழுதிவைத்த பலகையைப் படித்து அவள் கணவன் தீசியஸ் மகனைச் சபிக்கிறான்; கடலிலிருந்து காளை எழுந்து மகனின் தேர்க் குதிரைகளை மிரட்டுகிறது. படத்தில் ஃபெட்ரா தன் வாயாலேயே கணவனிடம் உண்மையைச் சொல்கிறாள். டாசினும் மார்கரிட்டா லிம்பெராக்கியும் திரைக்கதையில் செய்த பெரிய மாற்றம் அதுவே. தேர் காராகிறது, காளை எதிரே வரும் லாரியாகிறது. கிரேக்க நாடகத்தில் கூட்டாகப் பாடும் குழுவான கோரஸ் என்ன ஆகிறது? மூழ்கிய கப்பலின் செய்தி கேட்டு வரும் கறுப்புடைப் பெண்கள் ஆகிறது. அவர்கள் குரலுக்கு உங்கள் சப்டைட்டில் ‘கூட்டத்தின் சத்தம்’ என்று மட்டும் போடுகிறது. இசையமைப்பாளர் மிகிஸ் தியோடராக்கிஸின் கிரேக்கப் பாடல் வரிகளுக்கும் தமிழ் இல்லை.

பெயரையும் ஒழுங்காக வைக்கவில்லை. நாயகி ஓரிடத்தில் ‘பேட்ரா’, ஓரிடத்தில் ‘பீட்ரா’; கப்பலோ ‘ஃபெய்ட்ரா’. தானோஸ் தன் புதுக் கப்பலுக்கு மனைவியின் பெயரை வைக்கிறான், அந்தக் கப்பல் மூழ்குகிறது. இரண்டும் ஒரே பெயர் என்று தெரியாத பார்வையாளருக்கு இது வெறும் கப்பல் விபத்து. பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்து, கோப்பு முழுவதும் தேடி மாற்றுங்கள்.

படமும் அகலவாக்கில் இழுபட்டிருக்கிறது. காரின் சக்கரங்கள் வட்டமாக இல்லை. அக்கால ஐரோப்பியப் படங்களில் வழக்கமான 1.66:1 சட்டகத்தை 1.78:1 திரைக்கு நிரப்பினால் ஏறத்தாழ 7 சதவீதம் இப்படி விரியும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விடுவதே முறை.

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறோம். திருத்திய பதிப்பு வரும்வரை தமிழ் சப்டைட்டில் உண்டு என்ற விளம்பரத்தை நீக்குங்கள். இதுவரை வாடகை கட்டியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டால் வரிவரியான திருத்தப் பட்டியலைக் கட்டணமின்றி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
திரைப்படக் குழு உறுப்பினர்கள்