களஞ்சியத்தின் மூலப்பத்திரம்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. மாப்பிள்ளையும் பேத்தியும் நலம்தானே?

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கொட்டகைக்குள் நின்றுகொண்டு அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் "ம்... ம்..." என்று கேட்டபடியே நீ லேப்டாப்பில் வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் கடிதம். வேலைக்கு ரயிலில் போகும்போது படி.

நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் தலை நரைத்தவன். எந்தக் கட்டடத்தைக் கண்டாலும் 'இது யார் பெயரில் இருக்கிறது, தாய்ப்பத்திரம் எங்கே' என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கொட்டகை ஹார்மண்ட்ஸ்வொர்த் என்ற கிராமத்துப் பழைய தானியக் களஞ்சியம், அதற்கு அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு வில்லங்கம் பார்க்கலாம். நம் ஊரில் முப்பது வருடத்துக்கு எடுத்தாலே நடுவில் ஒரு பங்காளி விட்டுப்போயிருப்பான்.

அந்தக் களஞ்சியம் 192 அடி நீளம், 39 அடி அகலம், 37 அடி உயரம். உள்ளே முழுக்க ஓக் மரம். தூண்கள் மண்ணில் படாமல் கல்லின் மேல் நிற்கின்றன. 1426-27இல் கட்டியது. மரத்தில் பெரும்பகுதி அன்று வைத்ததுதான், மாற்றவே இல்லை. ஜான் பெட்ஜமன் என்ற கவிஞர் அதை 'மிடில்செக்ஸின் கதீட்ரல்' என்றார், மிடில்செக்ஸ் அந்த ஊர் இருந்த பழைய மாவட்டம். வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது எனக்கும் கோயில் மண்டபம் போலத்தான் இருந்தது. ஆனால் அங்கே சாமி கிடையாது. கோதுமையும் பார்லியும் ஓட்ஸும் போட்டு வைக்கும் இடம்தான். அந்தத் தானியத்தின் பலன் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் சாமி இருந்தது.

வின்செஸ்டரில் விக்கமின் வில்லியம் என்று ஒரு பிஷப். எளிய குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்து ராஜாவின் பெரிய அமைச்சரான சான்சலர் பதவி வரைக்கும் போனவர். கொள்ளைநோயில் பாதிரிமார்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போன காலம். புதிதாகப் படித்த குருமார்கள் வேண்டும் என்று 1382இல் வின்செஸ்டரில் ஒரு கல்லூரிக்குச் சாசனம் எழுதினார். 70 மாணவர்கள், அவர்களோடு தலைவராக ஒரு வார்டன், கல்லூரியின் உறுப்பினர்களான பெல்லோக்கள், பூசை வைக்கும் குருமார்கள், பாடும் சிறுவர்கள். படிப்பு ஒரு பக்கம் என்றால், நிறுவியவரின் ஆன்மாவுக்காகத் தினமும் ஜெபம் செய்வது இன்னொரு பக்கம். இத்தனை பேரும் காலாகாலத்துக்கும் சாப்பிட வேண்டுமே, அதற்கு நிலம் வேண்டும். நம் பக்கம் மடங்களுக்கு நிலம் எழுதி வைத்ததை நினைத்துக்கொள், விஷயம் பிடிபட்டுவிடும்.

நிலத்துக்கு அவர் போன வழி சாமர்த்தியமானது. பிரான்ஸ் பக்கத்து நார்மண்டி மடங்களுக்கு இங்கிலாந்தில் நிறையப் பண்ணைகள் இருந்தன. பிரான்ஸோடு நூறாண்டுப் போர் தொடங்கியதும், நம் நிலத்து வருமானம் எதிரி நாட்டுக்குப் போவதா என்று ராஜா அவற்றில் கை வைத்துக்கொண்டே இருந்தார். மடங்களுக்கு அந்தச் சொத்து தலைவலியாகிவிட்டது. விக்கம் அனுமதிகளை வாங்கிக்கொண்டு, நார்மண்டியின் ரூவான் நகரத்து மடத்திடமிருந்து 1391இல் ஹார்மண்ட்ஸ்வொர்த்தை விலைக்கே வாங்கிக் கல்லூரிக்குச் சேர்த்தார். பிடுங்கவில்லை, வாங்கினார். வழக்கு வந்தால் எது நிற்கும் என்று தெரிந்த ஆள்.

சரி, ரூவான் மடத்துக்கு அது எப்படி வந்தது? இங்கேதான் எனக்குப் பிடித்த பத்திரம் வருகிறது. இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் ராஜா 1069இல் அதைத் தானமாகக் கொடுத்தார். கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு கத்தியை மடாதிபதியிடம் நீட்டினார். நீட்டியவர் சும்மா இல்லாமல், அவருடைய உள்ளங்கையில் குத்துவதுபோல விளையாட்டாகப் பாவனை காட்டி, நிலம் என்றால் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்றாராம். அந்த விளையாட்டையும் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்! நான் பார்த்த பத்திரங்களில் 'பூரண மனதோடும் சுய நினைவோடும்' என்று இருக்குமே தவிர, கத்தியைக் காட்டினார் என்று எந்த எழுத்தரும் எழுதியதில்லை. காட்டியவர்கள் இருந்திருக்கலாம்.

1086இல் அதே ராஜா நாடு முழுக்கக் கணக்கெடுத்தார். டூம்ஸ்டே புத்தகம் என்பார்கள். அதில் இந்தப் பண்ணைக்கு வரி விதிப்பு 30 ஹைடு, ஹைடு என்பது நிலத்துக்கு வரி போட்ட அளவு. மூன்று ஆலைகளும் அவற்றிலிருந்து வரவேண்டிய 500 விலாங்கு மீனும்கூடப் பதிவாகியிருக்கின்றன. அதோடு ஒரு சின்ன வரி: வில்லியமின் படையெடுப்புக்கு முன் இது ஏர்ல் ஹரால்டு என்ற பெரும் பிரபுவின் கையில் இருந்தது. இந்த வரி பிற்பாடு ஒரு ஊரையே படுத்தியது. 1276இல் ஹார்மண்ட்ஸ்வொர்த் குடியானவர்கள், "இது பழைய அரசநிலம், அதனால் மடம் எங்கள் மேல் புதிதாகப் பாரம் ஏற்ற முடியாது" என்று ராஜாவின் நீதிமன்றத்துக்கே போனார்கள். படையெடுப்புக்கு முன் ஆண்ட எட்வர்டு ராஜாவின் கையில் இருந்தால்தான் பழைய அரசநிலம். டூம்ஸ்டேயைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினால், எட்வர்டு ராஜா பெயரில் இல்லை, ஹரால்டு பெயரில் இருக்கிறது. வழக்கு தோற்றது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பதிவு ஒரு கிராமத்தின் உழைப்பைத் தீர்மானித்துவிட்டது. குடியானவர்கள் அதற்கப்புறமும் அடங்கவில்லை, அது வேறு.

இப்போது கணக்குக்கு வருகிறேன். என்னை அங்கே கட்டிப்போட்டது அதுதான்.

வின்செஸ்டரிலிருந்து ஹார்மண்ட்ஸ்வொர்த் கிட்டத்தட்ட ஐம்பது மைல். கல்லூரிக்காரர்கள் தினமும் வந்து பார்க்க முடியுமா? பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருப்பார். அவர் வருடா வருடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும். கணக்கு வருடம் செப்டம்பர் 29, மிக்கேல் சம்மனசு திருநாளில் தொடங்கி மறு வருடம் அதே நாளில் முடியும். ஆட்டுத் தோலில், லத்தீனில், ரோமன் எண்களில் எழுதுவார்கள். முதலில் போன வருடத்துப் பாக்கி. அடுத்து வாடகை, விற்ற தானியம், எஜமான் நடத்தும் பண்ணை நீதிமன்றத்து அபராதம் என்று வரவு. அப்புறம் செலவு: கலப்பை, இரும்பு, கூலி, கூரை. தோலைத் திருப்பினால் பின்பக்கம் பணமே இருக்காது. கோதுமை இத்தனை வந்தது, விதைக்கு இத்தனை போனது, குதிரைக்கு இத்தனை, கன்று போட்டது எத்தனை, செத்தது எத்தனை. தணிக்கைக்காரர் ஒவ்வொன்றையும் கேள்வி கேட்பார். பிடிக்காத செலவை அடித்து, அந்தத் தொகையைப் பண்ணையைப் பார்த்துக்கொண்டவன் தலையிலேயே கட்டுவார்.

தேதி போடும் முறையே அலாதி. 1427 என்று எழுத மாட்டார்கள். ஆறாம் ஹென்றியின் ஆட்சி ஆண்டு இத்தனை, இன்ன புனிதர் திருநாளுக்கு முந்தின செவ்வாய், இப்படித்தான். குத்தகை என்றால் ஒரே தோலில் இரண்டு பிரதி எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி, ஆளுக்கு ஒரு பாதி. சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். வெட்டு பொருந்தவில்லை என்றால் போலி. மெழுகு முத்திரையும் உண்டு. அதோடு அந்த வெட்டும் சாட்சி. எத்தனை போலிப் பத்திரம் பார்த்திருக்கிறேன் நான்! இப்படி ஒரு கத்தரிக்கோல் எங்களிடம் இருந்திருந்தால் பாதி வழக்கு குறைந்திருக்கும்.

இதையெல்லாம் வரலாறு எழுதவா செய்தார்கள்? கிடையாது. பண்ணையாள் திருடிவிடுவானோ என்ற பயத்தில் செய்தார்கள். சந்தேகம்தான் கல்லூரியின் ஆவணக் காப்பறை முழுவதையும் நிரப்பியது. அந்தச் சந்தேகத்தின் புண்ணியத்தில் நமக்கு இரண்டு பெயர்கள் கிடைத்திருக்கின்றன: வில்லியம் கிப்பிங், ஜான் அட் ஓக். இருவரும் தச்சர்கள். 1424இல் தேம்ஸ் கரையில் உள்ள கிங்ஸ்டன் பக்கம் போய் இந்தக் களஞ்சியத்துக்கு மரம் பிடித்தவர்கள். யாரும் அவர்களுக்குக் கல்வெட்டு வைக்கவில்லை. கல்லூரிச் செலவில் போனார்கள், கணக்கில் ஏறினார்கள், அவ்வளவுதான். இந்தக் காலத்தில் தூண்களின் மர வளையங்களை எண்ணிப் பார்த்ததிலும் மரம் வெட்டியது 1420களின் நடுப்பகுதி என்றே வந்தது. அறுநூறு வருடம் கழித்து ஒரு பயணச் செலவை மரமே தணிக்கை செய்து ஒத்துக்கொண்டது என்றால், என்னைப்போல ஒரு ஆளுக்கு எப்படி இருக்கும் சொல்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பண்ணை நீதிமன்றப் பதிவுகளில் குடியானவர்கள் எப்போது தலைகாட்டுகிறார்கள் என்று பார். ஒருவன் செத்தால், அவன் வீட்டு மாடுகளில் நல்ல மாடு எஜமானுக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தால் அதற்கு ஒரு கட்டணம். கூப்பிட்ட நாளில் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மத்தியகால இங்கிலாந்தில் அடிமைக் குடியாக இருந்தவர்களின் நிலைமை பொதுவாக இதுதான். ஒழுங்காக உழுது, ஒழுங்காக வாடகை கட்டி, எந்த வம்புக்கும் போகாதவன் ஏட்டில் ஒரு தொகையாகத்தான் இருப்பான். முரண்டு பிடித்தவனுக்குத்தான் முழுப் பெயர். உன் கல்யாணத்துக்கு நான் யாருக்கும் அனுமதிக் கட்டணம் கட்டவில்லை, மண்டபக்காரனுக்குக் கட்டியதோடு சரி.

பண்ணை கல்லூரியிடம் நிலைக்கவில்லை. எட்டாம் ஹென்றி கண் வைத்தார். 1540களில் வேறு நிலங்களைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டார். ராஜா மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டால் முடியாது என்றா சொல்வது? 1547இல் அது வில்லியம் பேஜட் என்ற அமைச்சர் கைக்குப் போனது. அதே வருடம் ஆன்மா ஜெபத்துக்காக ஏற்பட்ட கல்லூரிகளைக் கலைத்துச் சொத்தை அரசே எடுத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. நாடு முழுக்க எத்தனையோ மதக் கல்லூரிகள் அதில் மறைந்தன. அவற்றின் தஸ்தாவேஜுகள் நிலத்தை வாங்கியவன் பின்னால் போயின, அல்லது எங்கேயோ போயின. வின்செஸ்டர், ஈட்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அந்த ஒரு விலக்குதான் நம் தச்சர்களைக் காப்பாற்றியது. நிலம் போய்விட்டாலும் பழைய கணக்குச் சுருள்களைக் கல்லூரி தூக்கி எறியவில்லை. ஆவணங்களுக்கென்றே அங்கே ஒரு கல் கோபுரம் கட்டியிருந்தார்கள். கைவிட்டுப்போன சொத்தின் பத்திரத்தையும் பத்திரமாக வைக்கும் குணம் எல்லாருக்கும் வராது. உன் தாத்தா வைத்தார், அதனால்தான் நம் வாய்க்கால் வழக்கு ஜெயித்தது.

உனக்கு ஒன்று தெரியுமா? ஹீத்ரோ என்பது அந்த ஹார்மண்ட்ஸ்வொர்த் திருச்சபை எல்லைக்குள் இருந்த ஒரு குக்கிராமத்தின் பெயர். 1944இல் விமானத்தளத்துக்காக அதை எடுத்து இடித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து நீ முதன்முதலாகப் போய் இறங்கினாயே, அது பழைய ஹார்மண்ட்ஸ்வொர்த் மண்தான். களஞ்சியத்தை 2011 கடைசியில் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு 20,000 பவுண்டுக்கு வாங்கிப் பழுதுபார்த்தது. உங்கள் ஊரில் ஒரு கார் விலை. மூன்றாவது ஓடுபாதை வந்தால் அதன் எல்லை களஞ்சியத்தை நெருங்கிவிடும் என்று ஊர்க்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வழக்கம் 1276இலிருந்தே அதுதானே.

கோடையில் சில ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திறக்கிறார்கள், போவதற்கு முன் நாளைப் பார்த்துக்கொள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய் அந்த இரண்டு தச்சர்களின் பெயரையும் சொல்லிக் கொடு. அடுத்த முறை நாங்கள் வரும்போது வின்செஸ்டருக்கும் போக வேண்டும். லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான் என்கிறார்கள். கல்லூரிக் காப்பகத்தில் வெளியாளுக்கு ஒரு சுருளையாவது காட்டுவார்களா, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டுமா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். லத்தீன் தெரியாவிட்டால் என்ன, வரவு எது செலவு எது என்று எனக்குத் தெரியும். அம்மா பருப்புப்பொடியும் வடகமும் பார்சல் போட்டிருக்கிறாள், வந்ததும் ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா