வாசிப்பைக் கேட்டுப் பார்க்க யார் சொல்லித்தந்தார்கள்?

இதழாசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘ஐந்தாம் வகுப்பிலும் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லையென்றால் அது ஆசிரியரின் அக்கறையின்மை’ என்று சென்ற இதழின் தலையங்கத்தில் ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டீர்கள். தங்கள் இதழை நெடுங்காலமாகப் படித்துவரும் ஆரம்பப் பள்ளி ஆசிரியை நான். தங்களிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. பயிற்சிக் காலத்தில், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் நான்கு வளர்ச்சி நிலைகளை மனப்பாடம் செய்தோம். பாடக்குறிப்பேடுகளை இரவெல்லாம் எழுதினோம். மேற்பார்வைக்கு வந்தவர் பின்வரிசையில் அமர்ந்து கரும்பலகைக் கையெழுத்துக்கு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார். ஒரு குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாசிக்கச் சொல்லி, எங்கே தடுக்குகிறது என்று குறித்துவரும்படி ஒருவர்கூடச் சொன்னதில்லை.

சொல்வதெழுதுதலில் ‘பள்ளி’ என்கிறேன். ஒரு பிள்ளை ‘பல்லி’ என்று எழுதுகிறது. இன்னொன்று ‘பளி’, மற்றொன்று ‘பளளி’. முதல் பிள்ளைக்கு லகர ளகர ஒலி வேறுபாடு பிடிபடவில்லை. அடுத்தது இரட்டித்து வரும் மெய்யைக் காதில் வாங்கவில்லை. கடைசிப் பிள்ளைக்கு ஒலி தெரியும், புள்ளிதான் விட்டுப்போயிற்று. மூன்றுக்கும் சிவப்பு மையில் தவறு போட்டு, பத்து முறை எழுதிவரச் சொல்லத்தான் எங்களைப் பழக்கினார்கள். பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையின் விரல் ஒரு வரியில் நிற்க, வாய் அடுத்த வரிக்குப் போய்விடும். அதற்கும் ‘நன்றாக வாசிக்கிறது’ என்றே பதிவாகிறது.

எழுத்துக்கூட்டும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வாசிப்பு இல்லை என்று வாசிப்பு ஆய்வாளர்கள் கஃபும் டன்மரும் 1986இல் எழுதியது தாங்கள் அறியாததல்ல. பிள்ளை வாசிக்க வாசிக்கச் சொல்லுக்குச் சொல் குறியிட்டுப் பதிவுசெய்யும் முறையை நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் மேரி கிளே அதற்கும் முன்பே வகுத்துவிட்டார். தாளும் பேனாவும் போதும். அதைக்கூட நான் வேலைக்கு வந்த பிறகு நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தேர்வு முடிவு வந்தால் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களைப் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். அவர்களுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுத்தந்தவர் யாரென்று ஒருநாளும் கேட்டதில்லை. தங்கள் கல்விச் சிறப்பிதழில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரும் எழுதவில்லை. அப்போதே கடிதம் போட்டேன், பதில் வரவில்லை.

மறுப்போ வருத்தமோ வெளியிடச் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில், ஒரு பிள்ளையின் வாசிப்பை மதிப்பிடக் கற்றுத்தர எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து, அடுத்த இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை