நான்கு குரலும் ஒரு பியானோவும்: சதர்ன் காஸ்பல் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தென்மாநிலங்களில் நான்கு குரலில் நற்செய்திப் பாட்டுப் பாடும், கிறிஸ்துவுக்குள் அன்பான சதர்ன் காஸ்பல் பாடகர்களுக்கும், டென்னசியின் பிஜன் ஃபோர்ஜில் தேசிய குவார்டெட் (நால்வர் குழு) மாநாட்டை நடத்தும் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையின் பாடகர் குழுவில் பாஸ் என்னும் அடிக்குரல் பாடி வளர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைப் பாமாலையை நான்கு குரலில் பாட, சனிக்கிழமை மாலை முழுக்க சுரங்களை எழுத்துகளால் குறிக்கும் டோனிக் சால்ஃபா தாளோடு உட்கார்ந்திருப்போம். வேலைக்காக அலபாமா வந்த பிறகு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் வைத்து அச்சிட்ட உங்கள் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். மேடையில் கேட்கிற குரல், மேடையில் நிற்கிறவருடைய குரலாக இருக்கட்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய சபையில் ஒரு குழுவின் பாட்டைக் கேட்கப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். பாஸ் பாடுகிற அண்ணனுக்குக் கடுமையான சளி. மூன்றாவது பாட்டின் நடுவில் அவர் மைக்கை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அவருடைய அடிக்குரல் மட்டும் ஒலிபெருக்கியிலிருந்து கணீரென்று வந்துகொண்டே இருந்தது. என் பக்கத்தில் ஒரு மூதாட்டி, அதுவரை கைத்தடியால் தரையில் மெல்லத் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், அதை நிறுத்திவிட்டார். பிறகு கடைசி வரை போடவில்லை.

ஸ்டூடியோவில் அடுக்கடுக்காகப் பதிந்த குரல்களைப் பின்னணி இசையோடு சேர்த்து ஓடவிட்டு, அதன் மேல் பாடுகிற வழக்கத்தைச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் இதை ‘ஸ்டாக்ஸ்’ என்கிறீர்கள். ஏன் செய்கிறீர்கள் என்பதும் தெரியும். ஐந்து இரவு தொடர்ந்து பாடினால் தொண்டை போய்விடும். வாத்தியக்காரர்களைக் கூட்டிப்போகக் காணிக்கையும் சிடி விற்பனையும் போதாது. அன்று அந்த அண்ணனும் என் கையைப் பிடித்துக்கொண்டு இதையேதான் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அன்றிரவே இன்னொன்றும் நடந்தது. கூட்டம் முடிந்து பின்கூடத்தில் சாப்பாடு. போதகர் கேட்டுக்கொண்டதால், நால்வரும் உணவு மேசை ஓரமாக நின்று வாத்தியமே இல்லாமல் ஒரு ஜெபப் பாட்டுப் பாடினார்கள். பாஸ் உடைந்து உடைந்துதான் வந்தது. இரண்டாவது அடியில் குரல் எழும்பவே இல்லை. பாஸுக்கு அடுத்த மேல்குரலான பாரிடோன் பாடும் தம்பி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு தன் பகுதியைக் கொஞ்சம் அழுத்திப் பாடினார். தட்டோடு நின்றிருந்த ஒருவரும் அசையவில்லை. நான் போனதே அந்த ஒரு பாட்டுக்காகத்தான் என்று தோன்றிவிட்டது.

பிளாக்வுட் பிரதர்ஸை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1934-இல் மிசிசிப்பியில் ராய், டாய்ல், ஜேம்ஸ் என்ற மூன்று சகோதரர்களும் ராயின் மகன் ஆர். டபிள்யூ.வும் சேர்ந்து தொடங்கிய குழு. குத்தகை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பாட்டுப் புத்தகம் விற்றார்கள், 1940-இல் அயோவா போய் வானொலியில் பாடினார்கள், 1950-இல் மெம்ஃபிஸில் குடியேறினார்கள். ஊழியமும் பிழைப்பும் ஒரே வண்டியில்தான் போயின. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. 1910-இல் ஜேம்ஸ் வான் தன் பாட்டுப் புத்தகங்களை விற்க ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பிய நாளிலிருந்தே உங்கள் மரபு அப்படித்தான்.

1954 ஜூனில் பிளாக்வுட் பிரதர்ஸ், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஆர்தர் காட்ஃப்ரேயின் தேசிய அளவிலான திறமைப் போட்டியில் வென்றார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி, அலபாமாவின் கிளான்டனில் பீச் பழத் திருவிழாவுக்குப் பாடப் போனார்கள். ஓடுபாதை சிறியது. இருட்டுவதற்கு முன் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்று விமானத்தை எடுத்தார்கள். அது விழுந்து தீப்பிடித்தது. பாரிடோன் ஆர். டபிள்யூ., பாஸ் பில் லைல்ஸ், உடன் ஏறிய ஓர் உள்ளூர் இளைஞர், மூவரும் எரிந்துபோனார்கள். ஜேம்ஸ் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தீயை நோக்கி ஓடியவரை ஸ்டேட்ஸ்மென் என்ற இன்னொரு நால்வர் குழுவின் ஜேக் ஹெஸ் பிடித்து நிறுத்தினார்.

இனிப் பாடுவதில்லை என்றுதான் ஜேம்ஸ் முதலில் நினைத்தார். பிறகு ஆர். டபிள்யூ.வின் தம்பி சிசில் பாரிடோனுக்கு வந்தார், பாஸுக்கு ஜே. டி. சம்னர் வந்தார். குழுவின் ஒலியே மாறியது. மாறத்தானே வேண்டும்? லைல்ஸின் குரல் லைல்ஸோடு போய்விட்டது. சம்னர் தன் ஆழத்தைக் கொண்டுவந்தார். போனவர்களின் இடம் காலியாக இருப்பது கேட்கிறவர்களுக்குத் தெரிந்தது, வந்தவர்கள் அதை எப்படி நிரப்பினார்கள் என்பதும் தெரிந்தது. இன்று உங்களில் ஒருவர் மேடையில் இல்லாமல் போனால், ஒலிநாடாவுக்கு அது தெரியுமா?

சிசில் முன்பு பாடிய சாங்ஃபெலோஸ் என்ற இளையோர் குழுவில் சேர பின்னாளில் ராக் இசையில் புகழ்பெற்ற எல்விஸ் பிரெஸ்லி பாடிக் காட்டினார், சேர்க்கப்படவில்லை. மற்ற குரல்களோடு இசைந்து போக வரவில்லை என்பதுதான் சொல்லப்படும் காரணம். அந்த அளவுக்கு இழைந்து பாடுவதை மதித்த மரபு இது. 1958-இல் எல்விஸின் தாயின் அடக்க ஆராதனையில் பாடியதும் பிளாக்வுட் பிரதர்ஸ்தான். அப்படிப்பட்ட நாளில் ஒரு மகனுக்கு முன்னால் பதிவை ஓடவிட யாருக்கு மனம் வரும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கி எறியுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு நிகழ்ச்சியில் நான்கு பாட்டாவது பியானோவோடு மட்டும் பாடுங்கள். வாத்திய இசைப் பதிவு இருக்கட்டும், குரல் அடுக்கை எடுத்துவிடுங்கள். தொண்டை சரியில்லையென்றால் சபையிடம் சொல்லுங்கள், ஜனங்கள் சேர்ந்து பாடுவார்கள். மாநாட்டுப் பெரியவர்களே, செப்டம்பர் கூட்டத்தில் ஒரு மாலையை முழுக்க நான்கு குரலுக்கும் ஒரு பியானோவுக்கும் ஒதுக்குங்கள்.

கூட்டம் நடத்தும் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பார்த்த பல சபைகளில் பியானோ இருக்கிறது, மேலே பூச்சாடி நிற்கிறது, பாதிக் கட்டைகள் சுருதி விலகிக் கிடக்கின்றன. பாட வருகிறவர்கள் பதிவை நம்பாமல் வேறு என்ன செய்வார்கள்? அன்று நான் போன சபையிலும் அதே நிலைதான். அதைச் சுருதி சேர்க்க ஆகிற செலவை நான் தருகிறேன் என்று அந்தப் போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அண்ணனின் குழு மறுபடி வரும் தேதி முடிவானதும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பூச்சாடியை இறக்கி வைக்க முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பாட்டைக் கேட்டு வாழும் ஒரு தமிழ்ச் சகோதரன்