ஆய்வுகூடத்துப் பேசின் தண்ணீர் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்திரண்டு வருடம் ஆய்வுகூடங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையம் திறந்தார்கள். பால் காய்ச்சிய அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவு, விரல் வைத்தால் மட்டும் திறக்கிற பூட்டு, ஏசி என்று எல்லாம் புதுசாக இருந்தது. பொறுப்பாக நின்ற தம்பி, நல்ல பிள்ளை, ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். பார்த்து முடிய, "தம்பி, இந்தப் பேசின் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டேன்.

"பின்னால குழிக்குத்தான் அன்ரி."

பின்வளவுக்குப் போய்ப் பார்த்தேன். குழியிலிருந்து பக்கத்து வளவுக் கிணற்றுக்கு, மதிலையும் சேர்த்து, என் காலடியில் பதினேழு எட்டு. அன்றிலிருந்து மனம் ஆறவில்லை.

ஆபத்தான வைரஸ் வைத்திருக்கும் இடம் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது காற்றுத்தான். அந்தப் பயம் நியாயமானது. 1978இல் பேர்மிங்ஹாமில், பெரியம்மை வைரஸ் வைத்திருந்த ஆய்வுகூடத்துக்கு ஒரு மாடி மேலே வேலை செய்த பெண் படப்பிடிப்பாளர் அம்மை கண்டு இறந்தார். பெரியம்மையால் உலகில் கடைசியாக இறந்தவர் அவர்தான். அறைக்குள் அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும், வெளியேறும் காற்றை வடிகட்டுவதும் இப்படியான காரணங்களுக்காகத்தான். ஆனால் தரைக்குக் கீழே ஓடுகிற குழாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

2007 ஓகஸ்ட் மாதம் இங்கிலாந்தின் சரே பகுதியில் மாடுகளுக்குக் கால்வாய் நோய், அதாவது கோமாரி, வந்தது. மாடுகளில் கண்ட வைரஸ் 1967இல் எடுத்த ஒரு பழைய ஆய்வுகூட வகை. வெளியில் எங்கும் உலாவாத வகை. அந்தப் பண்ணைகளுக்குச் சில மைல் தூரத்தில் பேர்பிரைற் என்ற இடத்தில், ஒரே வளவுக்குள் ஒரு ஆராய்ச்சி நிலையமும் ஒரு தடுப்பூசித் தொழிற்சாலையும் இருந்தன. இரண்டு இடத்துக் கழிவுநீரும் கடைசியாகக் காரம் சேர்த்துக் கிருமி கொல்லும் தொட்டிக்குப் போக வேண்டும். தொட்டி இருந்தது. ஆனால் தொட்டிக்குப் போகும் பழைய குழாயில் வெடிப்பு. மரவேர் புகுந்திருந்தது, ஆள்துளை மூடிகளும் ஒழுங்காக மூடிக்கிடக்கவில்லை. அந்த யூலையில் கடும் மழை. வளவுக்குள் கட்டட வேலைக்கு வந்த லொறிகள் அந்தச் சேற்றைச் சில்லில் அள்ளிக்கொண்டு பண்ணை வழியே போயின. இப்படித்தான் நடந்திருக்கும் என்று விசாரணை செய்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். குழாயைத் திருத்த வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது, செலவை யார் ஏற்பது என்பதில் இழுபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

தடுப்பூசி செய்யும் இடத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். ஆய்வுகூடத்தில் வைரஸ் துளிக் கணக்கில் இருக்கும். போலியோ ஊசி மருந்துக்கோ உயிருள்ள வைரஸைத் தொட்டி தொட்டியாக வளர்த்து, பிறகுதான் போர்மலின் போட்டுக் கொல்கிறார்கள். 2014 செப்டெம்பரில் பெல்ஜியத்தில் அப்படி வளர்த்த போலியோ வைரஸ் கரைசல் 45 லீற்றர், ஆள் பிழையால் கழிவுநீரோடு போய் ஆற்றில் கலந்தது. 2017 ஏப்ரலில் நெதர்லாந்தில் ஒரு தடுப்பூசிக் கூடத்தில் கரைசல் சிந்தி, பணியாளர் ஒருவரின் குடலில் வைரஸ் தொற்றியது. அவரை வீட்டோடு ஒதுக்கி வைத்து, ஏறத்தாழ ஒரு மாதம், வைரஸ் வெளியேறுவது நிற்கும்வரை கண்காணித்தார்கள். அது இயற்கையான இரண்டாம் வகைப் போலியோ வைரஸ். உலகில் ஒழிந்துவிட்டதென்று 2015இல் அறிவிக்கப்பட்டு, இப்படியான கூடங்களுக்குள் மட்டும் மிஞ்சியிருக்கும் வகை.

அங்கே ஊர் முழுக்கத் தடுப்பூசி, வீட்டுக்கு வீடு சுத்திகரித்த குழாய்த் தண்ணீர். இங்கே? எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறில்லை. காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அது முழுக்கப் பொந்தும் வெடிப்பும். மேலே ஊற்றுவது மண்ணில் வடிந்து சுத்தமாக நேரமில்லாமலே கிணற்று ஊற்றுக்குப் போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கண்டு சனம் வாளியோடு தெருவில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டோம். எண்ணெய் என்றால் மணக்கும், மிதக்கும். வைரஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. போலியோ, செங்கண்மாரி ஏ (ஹெபடைடிஸ் ஏ) வைரஸ்களுக்குக் கொரோனாவைப் போல் கொழுப்புறை கிடையாது. அதனால் கைக்குப் பூசுகிற ஸ்பிரிட்டுக்கு அவை இலேசில் சாகா. குளோரின் வேண்டும், அல்லது நல்ல சூடு வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரண்ட் இல்லாத காலத்தில், நான் ஓரிடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். நெருப்புக்காய்ச்சல் கிருமி வளர்த்த போத்தல்களைப் பிரஷர் குக்கரில் வைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்துத்தான் ஊற்றுவோம். ஒருநாள் மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அவிக்காமலே பேசினில் ஊற்றிவிட்டேன். மூத்தவர் பார்த்துவிட்டார். ஏசவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாளி அள்ளி முன்னால் வைத்து, "குடி பாப்பம்" என்றார். நான் அழுதேன். அந்த வாளித் தண்ணீர் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

சரி, எங்கள் ஒழுங்கை நிலையத்தில் போலியோ இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மலமும் சலமும் அங்கே நாளாந்தம் வரும். செங்கண்மாரியும் வயிற்றோட்டமும் அதோடு வரும். இன்னொன்றையும் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2016 ஏப்ரல் வரை எங்கள் பிள்ளைகள் குடித்த போலியோச் சொட்டு மருந்தில் இரண்டாம் வகைப் போலியோ வைரஸ், வலுக்குறைந்ததாக, உயிரோடு இருந்தது. அந்தக் காலத்து மல மாதிரிகள் ஏதாவது ஆராய்ச்சிக்கென்று எடுத்து எந்த டீப் பிரீசரின் அடியிலாவது கிடந்தால், அவற்றையும் கணக்கெடுத்து அழிக்கவோ உரிய பாதுகாப்பில் வைக்கவோ வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏற்பாடு. தயவுசெய்து பிரீசரைத் திறந்து பாருங்கள். 2022இல் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் நின்ற நாள்களில் எத்தனை பெட்டிகள் உருகி வழிந்திருக்கும்!

மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் பிரதேச சபைகளையும் நான் கேட்பது ஒன்றுதான். ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுமதி கொடுக்குமுன் அதன் கழிவுநீர் வரைபடத்தைக் கேளுங்கள். பேசினிலிருந்து குழிவரை குழாய் எந்த வழியே போகிறது, இடையில் குளோரின் போடும் தொட்டி உண்டா, எத்தனை மணிநேரம் தேங்குகிறது, கிணறு எவ்வளவு தூரம் என்று எழுத்தில் வாங்குங்கள். வருடத்துக்கு ஒருதடவை மூடியைத் திறந்து பார்க்கவும் வேண்டும்.

அந்தத் தம்பியிடம் போன கிழமை மீண்டும் பேசினேன். தொட்டி கட்டத் தயார், எவ்வளவு பெரிதாக, எந்த அளவில் என்று சொல்லித்தர ஆளில்லை என்றார். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதை வாசித்தால், காலையில் எந்த நேரமும் வரலாம். நான் வீட்டில்தான் இருக்கிறேன், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்,
கோண்டாவில்.